எலியின் வலது காது

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் எலியக்காவைத் தெரியாதவர் கிடையாது. பத்தொன்பது வருடமாக முந்நூறு கூண்டு வெள்ளெலிகளுக்குத் தீனி, தண்ணீர், மரத்தூள் எல்லாம் அவர் கையால்தான். குட்டிகளின் காதில் துளை போட்டு அடையாளம் வைப்பதும் அவரே. "மருமகன்கள் சௌக்கியமா?" என்று கணவர் தினமும் வம்பிழுப்பார். "உங்களைவிட சொன்ன பேச்சு கேக்குறாங்க" என்று சுடச்சுடப் பதில் வரும்.

அப்படிப்பட்டவர் தலையில்தான் அந்தத் திங்கட்கிழமை பழி விழுந்தது. விஷயம் இதுதான். கைனேஸ் என்று ஒரு புரதம். மற்றப் புரதங்களைத் தட்டி எழுப்பி வேலையில் இறக்கிவிடும் மேஸ்திரி. அது இல்லாவிட்டால் விந்தணு உருப்படியாக வளராது என்பது பேராசிரியரின் கணிப்பு. அதற்கான மரபணுவை நீக்கிய ஆண் எலிக்கு இடது காதில் துளை. நீக்காத அதன் தம்பிக்கு வலது காதில். மரபணு நீக்கிய எலிக்குக் குட்டி பிறக்கக் கூடாது. பிறந்தது, ஒன்றா இரண்டா, எட்டு!

"கூண்டை மாத்தி வச்சுட்டீங்க," என்றார் பேராசிரியர். "இந்தப் பரிசோதனை முடிஞ்சதும் பாட்டில் கழுவுற பக்கம் போயிடுங்க."

எலியக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. நேரே ஆராய்ச்சி மாணவியிடம் போனார். "ஜோடி சேர்த்தது நீதானே? எப்படிப் பார்த்து எடுத்தே, காட்டும்மா."

மாணவி அந்த எட்டுக் குட்டிகளின் அப்பனைத் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "இதோ, இடது காதுல துளை."

"அது உனக்கு இடது. உன்னைப் பார்த்துக்கிட்டு இருக்குற எலிக்கு?"

மாணவி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நிஜமான இடது காதுக்காரனை இரண்டு பெண் எலிகளோடு விட்டார்கள். எலியக்கா தினமும் காலையில் வந்ததும் வராததுமாக மரத்தூளைக் கிளறிப் பார்ப்பார். குட்டி இல்லை என்றதும் முகமெல்லாம் பல். ஐந்து வாரம் இதே கூத்து. அதே மரபணு நீக்கிய இன்னோர் எலியின் விந்தணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, தலை கோணி, வால் சுருண்டு, ஒன்றுகூட நீந்தவில்லை.

பேராசிரியரே எலி அறைக்கு வந்தார். "விசாரிக்காம பேசிட்டேன் எலியக்கா, தப்புதான். நீங்க இங்கயே இருங்க."

"போறதா இருந்தாத்தானே!" என்றார் எலியக்கா. சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

பேராசிரியர் போனதும் எலியக்கா இடது காதுக்காரனின் கூண்டைத் திறந்து நாலு சூரியகாந்தி விதை போட்டார். அது ஒன்றை இரு கையாலும் பிடித்துக் கொறித்தது. எலியக்காவுக்கு என்னவோ போலாகிவிட்டது.

"உனக்குப் பிள்ளை இல்லைன்னு அஞ்சு வாரமா குதிச்சுட்டேன்," என்றார் மெதுவாக. "மனசுல வச்சுக்காதே, ராசா."