பதினாறாம் நாள் வந்த நத்தார்

1979ஆம் வருஷம், டிசம்பர் மாதம். மஸ்கெலியாவில் பஸ் ஏறி, இறங்கி, பிறகு அரை மணி நேரம் மலையேறினால் வரும் ஒரு தேயிலைத் தோட்டம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டுக் காம்பரா வீடுகள் உள்ள லயத்தில் ஆறாவது காம்பராவில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். நான் பிறந்து வளர்ந்தது ஹட்டன் டவுனில், மாதா கோயில் மணிச்சத்தம் கேட்கும் தூரத்தில். எங்கள் தெருவில் பாதிப் பேர் வேதக்காரர்கள். கல்யாணமாகி வந்து சேர்ந்த இந்த லயத்தில் நாங்கள் ஒரே ஒரு வேதக்காரக் குடும்பம். மற்ற ஏழு வீட்டிலும் திருநீறுதான்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வாய்க்கு மட்டும் நாற்பது என்று என் கணவர் சொல்வார். பொய்யில்லை. மனதில் ஒன்று தோன்றினால் அது வாய்க்கு வந்துசேர எனக்கு நேரமே எடுக்காது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் ஆடி மாதம் எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. பிறக்கும்போதே உயிரில்லை. பக்கத்துக் காம்பரா அக்காதான் அன்றைக்கு முழுவதும் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு லயத்தில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால், அதுவரை பேசிக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடிக்கொள்வார்கள். முதல் காம்பராவில் ஒரு வளைகாப்பு நடந்தது. எனக்கு அழைப்பு இல்லை. ராசியில்லாதவள் என்று என்னை ஒதுக்குகிறார்களோ என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. யாரிடமும் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அதனால்தான் அந்தக் கிறிஸ்மஸை, எங்கள் பேச்சில் நத்தாரை, விமரிசையாகக் கொண்டாட நினைத்தேன். ஏழு வீட்டுக்கும் என் கையால் பலகாரம் கொடுக்க வேண்டும், அவர்கள் அதை வாங்கிச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிட்டால் என் மேல் ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த ஒரு மாதமும் அந்த நினைப்பில்தான் கொழுந்து பறித்தேன்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கி வந்த மிலாறுக் குச்சிகளில் குடில் கட்டினேன். கூரைக்கு மானாப்புல். பாறையிலிருந்து சுரண்டி எடுத்த பச்சைப் பாசியைக் கீழே பரப்பினேன். மாதா, சூசையப்பர், மாடு, கழுதை எல்லாம் அம்மா வீட்டுச் சீதனமாக வந்த சுண்ணாம்புச் சிலைகள். இருபத்து நான்காம் தேதி கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்ததும் அக்கா எட்டிப் பார்த்தார். அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர். என் காம்பராவில் பெண்கள் வந்து உட்கார்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாலன் பிறந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

அவர்கள் கேட்ட கேள்விகளை எந்தச் சாமியாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே, நிறைமாதக்காரியை ஏன் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு அலைந்தார் அந்த மனுஷன் என்று ஒருத்தி கோபப்பட்டாள். ராஜா போட்ட சட்டம், சொந்த ஊரில் போய்ப் பேர் பதியச் சொல்லிவிட்டார்கள் என்றேன். உடனே எல்லோரும் தலையாட்டினார்கள். பிரஜாவுரிமைக்குப் பேர் பதிய அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்து, கடுதாசிக்காகக் காத்துக் கிடந்த சனம். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்த கேள்விதான் என்னை மடக்கிவிட்டது. பிள்ளைக்குத் தாய்மாமன் வரவில்லையா? எனக்குத் தெரிந்து வேதத்தில் தாய்மாமன் இல்லை. ஆடு மேய்க்கிறவர்கள் வந்தார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்போதுதான் அக்கா குடிலுக்குள் குனிந்து பார்த்துவிட்டு, பிள்ளையைக் காணோமே என்றார். பாலனை ராத்திரிதான் வைப்போம், இன்னும் பிறக்கவில்லை என்றேன். எப்போதோ நடந்த கதைதானே என்று அவர் கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா?

"கதையில்லக்கா. இன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல பிள்ள பொறக்குது. நெசமாத்தான் பொறக்குது."

அக்காவின் முகம் மாறியது. மற்றவர்களைப் பார்த்தார். அவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். என் பேச்சில் உருகிப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஏழு தட்டுகளில் முறுக்கும் கொக்கிஸும் அதிரசமும் அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். முதலில் அக்கா வீடு. தட்டை நீட்டினேன். அக்கா கையை நீட்டவில்லை. இப்போது வேண்டாம்மா, கொஞ்ச நாள் போகட்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அடுத்த வீட்டிலும் அதே பதில்தான். அதற்கடுத்த வீட்டுக்காரி என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். நான் திரும்பி வரும்போது அக்காவின் கணவர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். தைப்பூசக் காவடிக்காக மாலை போட்டிருந்தவர். இனிமேல் கோயில் மடத்தில்தான் படுக்கை என்று யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. என் வீட்டுக்குப் பக்கத்துச் சுவரில் படுக்கக்கூட ஆகாதா?

வாசலில் நின்று கத்தினேன். லயம் முழுவதும் கேட்கும்படி கத்தினேன்.

"வேதக்காரி கையால வாங்குனா தொண்டையில எறங்காதா? இல்ல, செத்த பிள்ளையப் பெத்தவன்னு ஒதுக்குறீங்களா? மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போங்க!"

அக்கா கதவோரம் நின்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அதெல்லாம் கண்ணில் படுமா? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பலகாரத்தை என் கணவர் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குக் கொண்டுபோனார். அங்கே அரை மணி நேரத்தில் காலியாகிவிட்டதாம். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. விடு, எல்லாம் சரியாகும் என்றார் அவர். அவருக்கு எல்லாமே சரியாகும்.

அதன் பிறகு இரண்டு வாரம் அக்காவோடு நான் பேசவில்லை. மலையில் அவர் நிரையும் என் நிரையும் பக்கத்துப் பக்கத்தில்தான். கூடை நிறைந்தால் ஒருவருக்கொருவர் தூக்கிவிடுகிற பழக்கம். நான் தனியாக முக்கித் தூக்கினேன். அவர் இரண்டு தடவை கையை நீட்டினார், நான் பார்க்காத மாதிரி நகர்ந்தேன். பீலிக்கு எல்லோரும் போய்வந்த பிறகு போனேன். ஹட்டனுக்கே திரும்பிப் போய்விடலாம் என்று கணவரை நச்சரித்தேன். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரித்து, சிலைகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றிப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். இனி இந்த லயத்தில் குடில் கிடையாது என்று சபதம் வேறு.

ஜனவரி ஒன்பதாம் தேதி. வேலை விட்டு வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. அக்கா நின்றார். குளித்துத் தலை துவட்டி, மஞ்சள் பூசியிருந்தார். பின்னால் லயத்துப் பெண்கள் எல்லோரும். அக்கா கையில் தட்டு.

"பிள்ளையப் பாக்க வந்தோம்" என்றார்.

"எந்தப் பிள்ள?"

"ஒங்க வீட்டுல பொறந்த பிள்ளதான். நீதான சொன்ன. இன்னையோட பதினாறு ஆச்சு."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தட்டைப் பார்த்தேன். ஒரு வெள்ளைத் துணி, வசம்பு கோத்த கயிறு, கறுப்பு வளையல் ஒரு ஜோடி, பிள்ளைச் சோப்பு, வாழையிலையில் பொதிந்த என்னவோ ஒன்று.

அக்கா மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு நான் நிஜமாகவே பிள்ளை பிறக்கிறது என்று அடித்துச் சொன்னதும் எல்லோரும் கூடிப் பேசினார்களாம். சாமிப் பிள்ளையாக இருந்தாலும் பேறுகாலம் பேறுகாலம்தானே. பிள்ளை பிறந்த வீட்டில் பதினாறு கழியாமல் கை நனைக்கக்கூடாது. அதிலும் மாலை போட்ட ஆள் பக்கத்துச் சுவரில் இருக்கிறார். என் சாமியை விளையாட்டாக எடுத்துக்கொண்டிருந்தால் முறுக்கை வாங்கித் தின்றுவிட்டுப் போயிருப்பார்கள். நான் சொன்னதை அப்படியே நம்பியதுதான் அவர்கள் செய்த தப்பு.

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"எப்படிச் சொல்றது? ஆடியில ஒனக்கு அப்படி ஆயிருச்சு. மறுபடியும் ஒரு பிள்ளையப் பத்தி, தீட்டுன்னு ஒம் மூஞ்சியப் பாத்து எனக்குச் சொல்ல வாய் வரல."

வளைகாப்புக்குக் கூப்பிடாததும் அப்படித்தானாம். கூப்பிட்டால் என் மனசு நோகும், கூப்பிடாவிட்டாலும் நோகும், எது குறைவு என்று தெரியாமல் விட்டுவிட்டார்களாம். எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துத்தான் நான் லயம் கேட்கக் கத்தியிருக்கிறேன்.

அவசரமாகப் பெட்டியை இழுத்துத் தாளைப் பிரித்தேன். குடில் கலைந்துவிட்டது என்று சொல்லவே வெட்கமாக இருந்தது. பாலனை எடுத்து நீட்டினேன். உள்ளங்கை அளவுச் சுண்ணாம்புப் பொம்மை. அக்கா அதை எப்படி வாங்கினார் தெரியுமா? கழுத்து நிற்காத பிள்ளையை வாங்குவதுபோல், தலைக்கடியில் விரலைக் கொடுத்து வாங்கினார். அவரிடமிருந்து அடுத்தவள் அப்படியே வாங்கினாள். ஒருத்திகூடப் பாலனின் தலையைத் தொங்கவிடவில்லை. வளையல் பாலனின் இடுப்புக்கே பெரிதாக இருந்தது. அதற்கு ஒருத்தி சிரித்தாள், எல்லோரும் சிரித்தோம். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

பிறகு அக்கா அந்த வாழையிலையைப் பிரித்தார். சுக்கு, மிளகு, திப்பிலி இடித்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிய மருந்து உருண்டை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது. இதைப் பெட்டியிலிருக்கும் மாதாவுக்கு எப்படிக் கொடுப்பது என்று நான் யோசித்தேன். அக்கா அதைக் கிள்ளி என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"அவங்க சாமி. அவங்களுக்கு எதுக்கு மருந்து? இது ஒனக்குத்தான் இடிச்சேன். நீயும் பெத்தவதான. ஆடியிலயே குடுத்திருக்கணும். பயந்துட்டோம்."

ஆடி மாதத்திலிருந்து நான் அழாத அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. அவர் விடவில்லை. அழுகை ஓய ஓயக் கிள்ளிக் கிள்ளி ஊட்டினார். காரம் நெஞ்சு வரைக்கும் இறங்கியது. மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, என் வாய் அப்படி என்றேன். அந்த வாய்க்கு மட்டும் எங்களிடம் மருந்து இல்லை என்று அவர் சொன்னதும் மறுபடியும் சிரிப்பு. முறுக்கு எங்கே என்று கடைசிக் காம்பராக்காரி கேட்டாள். அது ஸ்டோர்க்காரர்கள் வயிற்றுக்குள் போய்ப் பதினைந்து நாளாகிவிட்டது. இருந்த மாவில் தேங்காய் ரொட்டி தட்டினேன். சீனி போட்டுப் பிளேன்டீ ஊற்றினேன். ஏழு வீட்டுக்காரர்களும் என் காம்பராவில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த வருஷம் எங்கள் வீட்டு நத்தார் அன்றைக்குத்தான்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு ஒரு மகள் பிறந்தாள், அப்புறம் ஒரு மகன். அக்காதான் இரண்டு பேறுக்கும் மருந்து இடித்தார். இப்போது எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் மூன்று என்றுதான் சொல்கிறேன். அப்படிச் சொல்லும் தைரியத்தை, என் சாமியைக் கும்பிடாத அந்தப் பெண்கள்தான் எனக்கு ஊட்டிவிட்டார்கள்.