நிலவறை விருந்தும் லோர்னா டெக்கரும்

லோர்னா டெக்கருக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் ஏரிக்கரையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். கடைத்தெருவில் பதினோரு மேசை போட்ட உணவகம் அவளுடையது. வெள்ளிக்கிழமை பொரித்த மீன், மற்ற நாட்களில் உப்பு உருளைக்கிழங்கும் கோழியும். செப்டம்பர் பிறந்துவிட்டால், கருந்திராட்சையைத் தோலுரித்து விதை நீக்கி மாவுக்குள் வைத்துச் சுடும் கிரேப் பை. அதற்காகவே ஐந்து மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து வருகிறவர்கள் உண்டு.

அவளைப் பற்றி இரண்டாவதாகச் சொல்வது, அறுவடைக் காலம் முழுக்க அவள் ஏப்ரன் பையில் கிடக்கும் மெழுகுவத்தி. எந்த ஒயின் கிடங்குக்குப் போனாலும் கீழே இறங்குமுன் அதைக் கொளுத்தி முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடிப்பாள். சுடர் சுருங்கினால் இறங்க மாட்டாள், யாரையும் இறங்க விடவும் மாட்டாள். திராட்சை ரசம் பொங்கும்போது கரியமில வாயு கிளம்பும். அது கண்ணுக்குத் தெரியாது. கனமானது, பள்ளம் பார்த்துப் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரிய கிடங்குகளில் இப்போது இதற்குக் கருவிகள் வந்துவிட்டன. லோர்னா கருவியை நம்புகிறவள் இல்லை.

அவளுடைய இந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன் அவள் தம்பி டேரில் ஒரு குழாயை எடுத்து வர நிலவறைக்குள் இறங்கினான். திரும்பவில்லை. அவனைத் தூக்கி வர ஹாங்க் என்ற சிநேகிதன், "மூச்ச அடக்கிக்கிட்டுப் போய் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் குதித்தான். இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் வெளியே எடுத்தார்கள். டேரில் போனதைக்கூட லோர்னா ஒருவாறு தாங்கிக்கொண்டாள். ஹாங்க் போனதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. "விழுந்தவன் பின்னால ஒருத்தனும் எறங்கக் கூடாது" என்று அன்று ஆரம்பித்தவள், இன்றுவரை ஓயவில்லை. கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அந்த வருஷம் வெயில் முந்திக்கொண்டது. வழக்கமாக ஒயின் திருவிழா முடிந்து பத்து நாள் கழித்துத்தான் பறிப்போம். இம்முறை பழம் காத்திருக்கவில்லை. திருவிழா வாரத்தில் ஏரிக்கரையின் அத்தனை தொட்டிகளும் பொங்கிக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து வெஸ்லி பிரெண்டிஸ் ஒரு யோசனை செய்தான். மூன்று வருஷம் முன்பு நகரத்திலிருந்து வந்து மலைச்சரிவில் தோட்டம் வாங்கியவன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், பீப்பாய்க்கும் பூந்தொட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவன், அவ்வளவுதான். அவனுடைய தொட்டிக் கொட்டகைக்கு அடியில் பழைய நிலவறை ஒன்று உண்டு. உள்ளே போக, வர ஒரே படிக்கட்டு. அங்கே பீப்பாய்களுக்கு நடுவே நீள மேசை போட்டு இருபது பேருக்குச் சனிக்கிழமை மதிய விருந்து. சமையல் லோர்னா, பரிமாறுவது அவள் மகள் கார்லா.

லோர்னா முடியாது என்றுதான் சொன்னாள். ஆனால் வெஸ்லி தன் தோட்டத்தில் தொடங்கப்போகும் உணவகத்தை நடத்தச் சொல்லிக் கார்லாவைக் கேட்டிருந்தான். இருபத்தெட்டு வயதில் அம்மா கடையில் தட்டு தூக்கிக்கொண்டிருப்பவளுக்கு அது பெரிய விஷயம். மகள் முகத்தைப் பார்த்து லோர்னா சம்மதித்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை கடை நிரம்பி வழிந்தது. மூலை மேசையில் ஆட்ரி, டெரெக் என்று ஒரு ஜோடி. கல்யாணமாகிப் பத்தாவது வருஷமாம், வார இறுதிக்கு ஏரிக்கரை வந்திருந்தார்கள். காலடியில் பிக்கிள் என்ற குட்டை நாய்.

"நாளைக்கு நிலவறை விருந்துக்கு வர்றோம். பிக்கிளையும் கூட்டிட்டு வரலாம்னு வெஸ்லி சொல்லிட்டார்" என்றாள் ஆட்ரி.

"மேலயே விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள் லோர்னா.

"ஐயோ, அது என்னை விட்டுட்டு இருக்காது."

"அம்மா, சும்மா இரு" என்றாள் கார்லா. பிறகு அடுப்படியில் வைத்துக் கேட்டாள்: "நாளைக்கும் அந்த மெழுகுவத்திக் கதைய எடுக்கப் போறியா? மானம் போகுது மா."

சனிக்கிழமை காலை லோர்னா எடுக்கத்தான் செய்தாள். சுடரைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படி வரை போனாள். நன்றாகவே எரிந்தது. சுவரின் அடியில் பெரிய விசிறி ஒன்று காற்றை வெளியே இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

"இந்த ஃபேன நிறுத்தாதப்பா வெஸ்லி. என்ன ஆனாலும் நிறுத்தாத."

"நிறுத்தல."

"இத மேசை நடுவுல வெச்சுடு. சுடர் சின்னதாச்சுன்னா எல்லாரையும் மேல அனுப்பு."

"நெருப்பு கூடாதுன்னு இன்சூரன்ஸ்ல எழுதியிருக்கு லோர்னா. பாருங்க, இருபது பேட்டரி மெழுகுவத்தி வாங்கியிருக்கேன். நிஜம் மாதிரியே ஆடும்."

"அது தண்ணிக்குள்ளயும் ஆடும்!" என்றாள் லோர்னா. கார்லா அவளை முறைத்தாள். லோர்னா தன் மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டாள்.

சமையல் கூடாரம் கொட்டகைக்கு வெளியே இருந்தது. கீழே திருவிழா மைதானத்தில் பேண்டு வாத்தியம் அலறிக்கொண்டிருந்ததால் கொட்டகைக்குள் என்ன சத்தம் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று தெரிய வழியில்லை. முதல் இரண்டு வகை உணவு போயிற்று. தட்டுகளோடு மேலே வந்த கார்லாவின் கன்னம் சிவந்திருந்தது.

"எல்லாரும் செம ஜாலியா இருக்காங்க மா. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கொட்டாவி விடறாங்க. குடிச்சுட்டு ஒரே சிரிப்பு. பிக்கிளும் போதையாகிடுச்சுன்னு கிண்டல் பண்றாங்க, அசையாமத் தூங்குது."

"உனக்கு ஏன் மூச்சு வாங்குது?"

"பன்னெண்டு படி ஏறி எறங்கிப் பாரு, தெரியும்."

அங்கேதான் லோர்னா தவறினாள். இதை அவளே பிறகு எங்களிடம் சொன்னாள், சொல்லும்போது அடித்தொண்டையிலிருந்து அழுதாள். காலையில் மகளிடம் வாங்கிய முறைப்பு இன்னும் உறைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு முறை வாய் திறந்து மானத்தை வாங்க வேண்டாமே என்று இருந்துவிட்டாள். அடுப்பில் வாத்து கருகப் பார்த்தது. கார்லா தட்டுகளை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினாள்.

பேண்டு வாத்தியம் ஒரு நிமிஷம் ஓய்ந்தது. அப்போதுதான் கொட்டகைக்குள் விசிறியின் உறுமல் இல்லை என்பது லோர்னாவின் காதில் உறைத்தது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். கதவருகே சுவிட்ச் அணைந்திருந்தது. விருந்தில் ஒருவர் வாசித்த கிட்டார் கேட்கவில்லை என்று யாரோ சொல்ல, வெஸ்லி நிறுத்தியிருக்கிறான், பாவி.

சுவிட்சைத் தட்டிவிட்டுக் கத்தினாள்: "எல்லாரும் மேல வாங்க! போட்டது போட்டபடி வாங்க!"

கீழே இருபது விளக்கும் அழகாக ஆடிக்கொண்டிருந்தன. சிரித்தபடி, முனகியபடி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி ஏறினார்கள். ஒரு பெரியவர் படியிலேயே வாந்தி எடுத்தார். கடைசி ஆளாக டெரெக்கைத் தள்ளிக்கொண்டு கார்லா ஏறி வந்தாள். அவள் மேலே கால் வைக்கவும் ஆட்ரி, "பிக்கிள்! பிக்கிள் உள்ள இருக்கு!" என்று அலறினாள்.

கார்லா திரும்பிவிட்டாள். இரண்டே நொடி. லோர்னாவின் கை அவள் சட்டை முனையைத்தான் தொட்டது. படிகளில் தடதடவென்று இறங்கி, மேசைக்கடியில் குனிந்து, நாயைக் கையில் எடுத்தாள். நிமிரவில்லை. முழங்கால் மடங்கி, தலை படிக்கட்டைப் பார்த்தபடி சாய்ந்தாள்.

வெஸ்லி, "நான் போறேன், மூச்ச அடக்கிக்கிட்டு" என்று பாய்ந்தான். லோர்னா அவன் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் இழுத்துத் தரையில் தள்ளினாள். கதவுக்குக் குறுக்கே கால்களை அகட்டி நின்றாள்.

"எவனும் எறங்கக் கூடாது."

"உங்க பொண்ணு லோர்னா!"

"என் பொண்ணுதான்டா! எனக்குத் தெரியாதா? வாசல்ல யாரும் நிக்காதீங்க, காத்து உள்ள போகட்டும். தீயணைப்பு ஆளுங்களக் கூப்பிடு, மைதானத்துலதான் நிக்கறானுங்க. சிலிண்டரோட வரச் சொல்லு!"

ஆறு நிமிஷம் ஆயிற்று. பன்னிரண்டு படிக்குக் கீழே மகள் கிடக்கிறாள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது. டெரெக் ஒருமுறை நுழையப் பார்த்தான், முழங்கையால் முகத்தில் ஓர் இடி வாங்கினான். லோர்னா கதவுச் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். மற்றவர்களைத் தடுக்க மட்டுமல்ல, தன்னையும் பிடித்து நிறுத்திக்கொள்ளத்தான் அப்படிப் பிடித்திருந்தாள் என்று அருகில் நின்றவர்கள் சொன்னார்கள். நான்கு விரல்களில் நகம் பெயர்ந்து ரத்தம் வந்ததை அவள் கவனிக்கவில்லை.

முகமூடி மாட்டிய இரண்டு பேர் கார்லாவைத் தூக்கி வந்தார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. புல்தரையில் போட்டு நெஞ்சை அழுத்தினார்கள். மூச்சு வந்தது. நாய் பிழைக்கவில்லை. எல்லாரும் லோர்னாவைக் கட்டிப்பிடித்தார்கள். நீ மட்டும் தடுக்காமல் இருந்திருந்தால் இன்று மூன்று சாவு என்று தீயணைப்புத் தலைவரே சொன்னார்.

மருத்துவமனையில் கார்லா நன்றாகப் பேசத் திங்கட்கிழமை ஆயிற்று. லோர்னா கட்டுப்போட்ட விரல்களோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் பக்கம் திரும்பினாள்.

"விழுந்தப்போ எனக்குக் கொஞ்சம் நினைவு இருந்துச்சு மா. வாய் தொறக்க முடியல. ஆனா கண்ணு தெரிஞ்சுது. மேல கதவுல நீ நின்னுட்டிருந்த."

"ஆமாண்டி கண்ணு."

"அம்மா வரும்னு பாத்துட்டே இருந்தேன்."

"எறங்கியிருந்தா ரெண்டு பேருமே போயிருப்போம் கார்லா. ஹாங்க்..."

"தெரியும். சின்ன வயசுலேர்ந்து சொல்லியிருக்க, எல்லாம் தெரியும். நீ செஞ்சதுதான் சரி." கார்லாவின் கண்ணிலிருந்து தண்ணீர் காதோரம் வழிந்தது. "ஆனாலும் நீ வந்திருக்கணும் மா."

அவ்வளவு நீள வாய் படைத்த லோர்னா மகளின் கையைப் பிடிக்கப் போனாள். கார்லா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.