முனியாண்டிக்கு வைத்த பேல் ஏல்

என்னைப் பெண் பார்க்க வந்தவர் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் ஒரு கிராணி. மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. துரைமார்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரம். அவர்கள் கழற்றிப் போட்ட மிடுக்கையெல்லாம் பொறுக்கி மாட்டிக்கொண்டு இவர் எங்கள் ஊரான காஜா பெராங்குக்கு வந்து வீட்டுக்குள் நுழைந்தார். அந்த வெயிலில் கழுத்தில் டை வேறு!

அம்மா இல்லாத வீடு. எப்படியாவது என்னை ஒருவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் தவிப்பு. எனக்கோ டீச்சர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. இந்தச் சம்பந்தம் முடிந்தால் அது போச்சு. தோட்டத்துக்குப் போய் இந்த மனிதருக்குச் சோறாக்கிக் காலம் தள்ள வேண்டியதுதான்.

காப்பி கொண்டுபோய் வைத்தேன். ஒற்றை விரலால் டம்ளரைத் தள்ளினார்.

“இந்த வெயில்ல யாரு காப்பி குடிப்பா? நான் பேல் ஏல்தான். வெளுத்த இங்கிலீஷ் பீரு. தொரை பழக்கி விட்டது.”

“இவன் ருசி பாத்துச் சொன்னாத்தான் தொரையே குடிப்பாரு லா” என்றாள் கூட வந்திருந்த அவருடைய அம்மா. என்ன பெருமை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் பூட்டு. அப்பா திருதிருவென்று விழித்தார். பிறகு எழுந்து கொல்லைப் பக்கம் போனார். எங்கே போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கொல்லையில் எங்கள் முனியாண்டி இருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் அவருக்குக் கருப்பு பீரும் சுருட்டும் படைப்போம். அந்த வாரம் என் விஷயமாக நேர்ந்துகொண்டு, அப்பா விசேஷமாக இங்கிலீஷ் பேல் ஏல் வைத்திருந்தார். முனிக்கு வைப்பதென்றால் மூடியைத் திறந்துதான் வைக்க வேண்டும். போத்தல் வாயில் ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கவிழ்த்து, சாம்பிராணி காட்டுவோம். அன்றிலிருந்து அது வெயிலில்தான் நின்றது.

கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொண்டு அப்பா வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கிராணியார் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “நெறத்தப் பாருங்க மாமா. எப்படி வெளுப்பா இருக்கு! இதுதான் முக்கியம்.”

அதற்குள் மாமாவாம்! மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தார். “எலுமிச்ச வாசம். அடியில லேசா பொகை. இதெல்லாம் வெள்ளக்காரன் கைப்பக்குவம். நம்ம ஆளுங்களுக்கு வராது.”

“நொரையே காணோமேப்பா?” என்றாள் அம்மாக்காரி.

“நொர பொங்குறதெல்லாம் கூலிக்காரன் குடிக்கிற பீரும்மா.”

சும்மா சொல்லக்கூடாது, அவருடைய மூக்கு நல்ல மூக்கு. எலுமிச்சையும் இருந்தது, புகையும் இருந்தது. மூக்குக்கு மேலேதான் ஒன்றுமில்லை.

பாதி குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். டம்ளரைப் பார்த்த அதே பார்வை. அதே மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

“பொண்ணு நெறம் கொஞ்சம் கம்மிதான். பரவால்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.”

“ஆமாங்க தம்பி” என்று அப்பா சிரித்தார். கிராணியை எப்போதோ மறந்துவிட்டேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் சகிக்க முடியவில்லை.

“நீங்க குடிக்கிறது முனியாண்டிக்கு வெச்சது” என்றேன். “வெள்ளிக்கெழமைலேருந்து தொறந்தே கெடந்துச்சு. எலுமிச்சம்பழம் நான் அறுத்து வெச்சது. பொகை எங்க வீட்டுச் சாம்பிராணி. கைப்பக்குவம் முழுக்க எங்களோடதுங்க.”

அடுத்த மிடறு வாயில் இருந்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தார். “ஐயையோ, சாமிக்கு வெச்சதயா குடிச்ச!” என்று அவருடைய அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள். போய் வருகிறோம் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டார்கள்.

அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். “மானத்த வாங்கிட்டியே. நேந்து வெச்சதும் வீணாப் போச்சு.”

“என்ன வேண்டிக்கிட்டு வெச்சீங்க?”

“ஒனக்கு நல்லது நடக்கணும்னுதான்.”

“நடந்திருச்சுப்பா” என்றேன்.