ரஜனி பார்த்து வந்த கியோட்டோ

இன்று காலை என் காய்கறிக் கடையைத் திறந்ததும் ரஜனி வந்தாள். இங்கே நகர நடுவில், பொலிதேயாமாப் பக்கம் ஒரு வயதான சிஞ்ஞோராவை, இத்தாலிய அம்மா ஒருவரை, வீட்டோடு இருந்து பராமரிக்கிறாள். மூன்று வாரமாக ஆளைக் காணவில்லை.

"எங்கை பிள்ளை போனனீ?"

"ஜப்பானுக்கு அண்ணை, கியோட்டோ. சிஞ்ஞோராவுக்குத் தனிய நடக்க ஏலாது, அதாலை என்னையும் கூட்டிக்கொண்டு போனவ."

முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டே போனை நீட்டினாள். மலையேறும் சிவப்பு வாசல்கள், மூங்கில் காடு, பாசி படர்ந்த கோயில் முற்றத்தில் தேநீரும் கையுமாக அவள்.

அந்த ஊரின் படத்தை ஒன்பது வருடமாகக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருப்பவன் நான். ஒரு வாரம் பூட்டினால் வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் பழகிவிடுவார்கள் என்ற பயத்தில் போகவேயில்லை.

"வீட்டு வேலையை விட்டுட்டுச் சொந்தமா ஒரு கடை போடு, ஆரிட்டையும் லீவு கேட்டு நிக்கத் தேவையில்லை" என்று அவளுக்குப் புத்தி சொன்னவனும் நான்தான்.

"நீங்களும் ஒருக்காப் போங்கோ அண்ணை. நீங்கள்தானே முதலாளி, ஆர் மறிக்கப் போகினம்?"

வழக்கமாக அவளுக்கு ஒரு முருங்கைக்காய் கூடப் போடுவேன். இன்று போடவில்லை.

ஜப்பான் போகிற சிஞ்ஞோரா யாருக்காவது கைபிடித்து நடத்த ஆள் தேவையென்றால் எழுதுங்கள். கொஞ்சம் சமைக்கவும் தெரியும்.