யாரும் உட்காராத முன்வரிசை

நேற்று தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டப வாசலில் மினி லாரியிலிருந்து நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீக்கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். உங்களுக்குச் சொன்னால் புரியும், அவருக்கு எங்கே போய் விளக்குவது?

என் முதல் வேலை விழா நடத்தும் ஓர் அலுவலகத்தில். தஞ்சாவூர்க் கலைவிழாக்களை இனி வரும் காலத்தில் எந்த மாதம், எந்த இடத்தில் நடத்துவது என்று நீண்ட காலத் திட்டம் ஒன்று தயாரித்தோம். தயாரித்தோம் என்று கூசாமல் சொல்கிறேன். நான் செய்ததெல்லாம் வரைபடத்துக்குக் கலர் அடித்ததுதான். வடவாற்றுக்கு நான் அடித்த நீலத்தைப் பார்த்துவிட்டு, "கடலையே கொண்டாந்துட்டியேம்மா" என்றார் ரஹீமா அக்கா.

அக்கா எனக்கு மேலே இருந்தவர், நன்னிலத்துக்காரர். சிரிக்காமலே கிண்டல் செய்வார். மதியம் அவர் டிபன் பாக்ஸைத் திறந்தால் தால்ச்சா வாசனையில் எப்பேர்ப்பட்ட மீட்டிங்கும் கலைந்துவிடும். இன்றைக்கும் எங்காவது தால்ச்சா மணந்தால் கையில் கலர் பென்சில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

அவருக்கு ஒரே ஆசை. விழாவில் ஒரு நாளாவது நன்னிலம், குடவாசல் பக்கம் வர வேண்டும். சின்ன வயதில் தஞ்சாவூருக்கு நிகழ்ச்சி பார்க்க வந்தால் கடைசி பஸ்ஸுக்காகப் பாதியில் எழுந்து ஓட வேண்டுமாம். "ஒரு நாட்டியமும் எப்படி முடியுதுன்னு நான் பாத்ததில்லடி" என்பார்.

எங்கள் தலைவர் சென்னைக்காரர். நல்ல மனிதர், ஆனால் போட்டோவை நம்புகிறவர். நன்னிலத்தில் ஒரு வெள்ளோட்ட நிகழ்ச்சி நடத்தி, மேடையோரம் எடுத்த போட்டோவை அனுப்பினார்கள். முன்வரிசை நாற்காலியெல்லாம் காலி.

"ஊர்ல ஆர்வமே இல்லையேம்மா. எல்லாத்தையும் தஞ்சாவூர்லயே வச்சிருவோம்."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "சார், எங்க பக்கம் முன்வரிசையில யாரும் உக்கார மாட்டாங்க. பெரிய மனுஷங்க வருவாங்கன்னு விட்டு வச்சிருப்பாங்க. அவங்க வரவே மாட்டாங்க, அது வேற விஷயம்."

"அப்ப ஜனங்க எங்கதான் இருக்காங்க?"

"ஒரு தடவ நேர்ல வாங்க சார்."

வந்தார். அடுத்த வெள்ளோட்டம் குடவாசலில். அது என் ஊர், அதனால் எனக்கு இரட்டைப் பயம். பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் பறையாட்டம். சாரை முன்வரிசை நடுவில் உட்கார வைத்து, எங்களையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். இந்தப் பக்கமும் காலி, அந்தப் பக்கமும் காலி. சார் போனை எடுத்து அந்தக் காலி நாற்காலிகளைப் படம் பிடித்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மேடையில் கொஞ்ச நேரம் ஆடிய குழு சட்டென்று கீழே இறங்கியது. அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. சார் திரும்பிப் பார்த்தார். பைக்குகளின் மேல், டிராக்டர் டிரெய்லரில், காம்பவுண்டுச் சுவரில், எதிர்வீட்டு மொட்டைமாடியில் என்று மொத்த ஊரும் அங்கே இருந்தது. கைக்குழந்தைக்குச் சோறூட்டியபடி ஒரு பெண் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். சார் எழுந்தார். நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஊரே விசிலடித்தது.

"இப்ப போட்டோ எடுங்க சார்" என்றார் அக்கா. சிரிக்காமல் சொல்ல அன்று அவரால் முடியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

நன்னிலமும் குடவாசலும் திட்டத்தில் ஏறின. எங்கள் அலுவலகம் இருந்த மாடி இன்று செல்போன் கடை. என் வரைபடம் எந்தக் குப்பையில் போனதோ, போகட்டும்.

போன வாரம் இந்த ஆண்டு விழாக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நன்னிலத்துக்கு ஏன் ஒரே நாள், ரெண்டு நாள் குடுங்க என்று இப்போது வேலையில் இருக்கும் சின்னப் பிள்ளைகள் மேசையைத் தட்டி ஒரே சண்டை. அந்த ஊருக்கு விழா எதற்கு என்று கேட்க ஓர் ஆள் இல்லை. அப்படியொரு கேள்வி இருந்ததே அந்தச் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் அக்காவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். போனை அந்தச் சத்தத்தின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.