வண்டியெல்லாம் முன்னால, சைக்கிள் பின்னால

வீட்டில் கட்டிலும் மெத்தையும் உள்ளவர்களைச் சைக்கிளில் கூட்டிப்போய், தோப்பில் கூடாரம் அடித்து, ஒரு ராத்திரி தரையில் படுக்க வைத்துக் காலையில் திருப்பி அனுப்புவது என் தொழில். இதை நான் யாரிடமும் முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. பாதியிலேயே "எதுக்கு?" என்று கேட்டுவிடுவார்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்ற கேள்விக்குத் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறவரா நீங்களும்? அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள்.

ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் பத்து வருஷம் இருந்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பினேன். மகள் அபி ஏழாவது படிக்கிறாள். லீவில் வந்து போகிற விருந்தாளியாக இல்லாமல், ஊரோடு இருந்து அவளுக்கு அப்பாவாக வேண்டும் என்பதுதான் ஆசை. கியர் வைத்த சைக்கிள் எட்டும் கூடாரங்களும் வாங்கினேன். மனைவி செல்வி சண்டை போடவில்லை. "ஒரு சீசன் பாருங்க. சரிப்படலைன்னா திரும்ப அங்கயே போயிருங்க" என்றாள். குற்றாலத்துச் சீசன் மூன்று மாதம். அதற்குள் பிழைத்துக் காட்ட வேண்டும்.

வண்டி

எங்கள் ஊரில் வண்டி என்றால் அது பெட்ரோல் குடிக்க வேண்டும். சைக்கிள் வண்டியில் சேர்த்தியில்லை. நாற்பது வயதுக்காரன் சைக்கிளில் போனால் "வண்டி என்னாச்சு?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார்கள்.

வீரகேரளம்புதூரில் செல்வியின் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். அவளும் அபியும் பஸ்ஸில் போனார்கள், நான் சைக்கிளில் போனேன். மண்டப வாசலில் விசிலோடு நின்றவர், "வண்டியெல்லாம் முன்னால, சைக்கிள் பின்னால" என்று கையைக் காட்டினார். பின்னால் அண்டாக்களும் காய்கறி மூட்டைகளும் கிடந்தன. நான் பூட்டிவிட்டு நிமிர்வதற்குள் சமையலுக்குத் தலைவரான தவசுப்பிள்ளை கரண்டியோடு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "எச்சி இலை எடுக்க வந்த ஆளுக்கு வெள்ளை வேட்டி எதுக்கு வே?"

என்ன விக்குதீய?

எங்கள் சைக்கிள்களில் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பை தொங்கும். சென்னையிலிருந்து வந்த முதல் கூட்டத்தோடு இலத்தூரில் ஒரு தெருவில் தண்ணீர் குடிக்க நின்றோம். ஒரு அக்கா வீட்டுக்குள்ளிருந்து வந்து, "என்ன விக்குதீய? கைலியா, போர்வையா?" என்று கேட்டார். கடையநல்லூரிலிருந்து ஜவுளி கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். விற்க ஒன்றும் இல்லை, சும்மா சுற்றுகிறோம் என்றேன். சும்மா சுற்றுகிறவனுக்கு எதற்கு இத்தனை பை என்பது அவருடைய நியாயம். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

அவரே ஒரு பையைத் திறந்து, ஆள் உள்ளே நுழைந்து படுக்கிற தூக்கப்பையை உருவினார். அது ஒரு சென்னைப் பையனுடையது. அக்கா ஜிப்பை இழுத்து, உள்ளே தோள் வரைக்கும் கையை விட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இது ஒத்தை ஆளுக்குல்லா இருக்கு. புருஷன் பொண்டாட்டிக்கு என்ன வச்சிருக்கீய?"

ஒரு ஸ்டார்

கோயம்புத்தூர்த் தம்பதிக்கு நான் போனிலேயே எல்லாம் சொன்னேன். சீசன் என்றால் செங்கோட்டைக் கணவாயிலிருந்து காற்று முகத்தில் அடிக்கும், சாரல் விழும், அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்க விடமாட்டார்கள். "சூப்பர் சார்" என்றார்கள். மூன்றும் ஒரே நாளில் வந்தன. காற்றுக்கு மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளினோம். கூடாரம் நனைந்தது. காலையில் பெரிய அருவிக்குப் போனால், வெள்ளம் என்று எல்லோரையும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மேலே போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வந்தவனே நான்தான் என்பதுபோல் அந்தக் கணவர் என்னைப் பார்த்தார்.

சாமான்களை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து சமையலும் பார்ப்பது என் கூட்டாளி மைதீன். அவன் போட்ட சுக்குக் காப்பியை இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, அதற்காகத்தான் ஒரு ஸ்டாராவது போட்டேன் என்று நெட்டில் எழுதிவிட்டு ரயில் ஏறினார் அவர். அதைப் படித்துவிட்டு அடுத்த வாரம் வர இருந்த இரண்டு குடும்பங்கள் வரவில்லை. மைதீன் என் போனை வாங்கி நிதானமாகப் படித்தான். "அப்ப இந்த ஒத்த ஸ்டாரும் எனக்குல்லா சேரணும்?"

கால்நாட்டு

மலையில் தங்க அனுமதி கிடையாது. எனக்குக் கிடைத்தது இலத்தூர்ப் பக்கம் ஒரு மாந்தோப்பு மட்டும்தான். தோப்புக்கார அண்ணாச்சி நல்ல மனிதர், கிணற்றில் குளித்துக்கொள்ளவும் விட்டிருந்தார்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சென்னை ஆட்கள் ஆறு பேரோடு போனேன். வழியில் கோயில் முன்னால் மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டிய கம்பு நட்டிருந்தது. கோயில் திருவிழாவான கொடைக்குக் கால் நாட்டியிருக்கிறார்கள். சென்னைக்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். படத்தில் நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அண்ணாச்சி மூன்று பேரோடு வந்தார். "கால்நாட்டுன பொறவு இங்கன ராத்தங்குனவுக கொடை முடியாம வெளியூர் போகப்பிடாது. தெரியும்லா?" தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். கொடைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. ஆறு பேரில் ஒருவர் வாயில் நுரையோடு, "திங்கக்கிழமை ஒன்பதரைக்கு மீட்டிங் இருக்கு சார். சாமிகிட்ட ஒர்க் ஃப்ரம் ஹோம் கேக்க முடியுமா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஊர்க்காரர்கள் தனியே போய்ப் பேசினார்கள். பிறகு தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, ஆறு பேரையும் அனுப்பி வைத்தார்கள். இனிமேல் தோப்பு கிடையாது என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டேன், பத்து வருஷம் வெளிநாட்டில் இருந்ததில் மறந்துபோயிற்று என்றேன். அது உண்மைதான், ஆனால் சொல்லும்போது எனக்கே கேவலமாக இருந்தது. அண்ணாச்சி என் ஹேண்டில்பாரில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "அவிய வெளியூரு, போட்டும். இங்கன பெறந்து வளந்த உமக்கு மறந்துட்டுன்னா, நீரும் வெளியூருதான் வே."

சாப்பாட்டு டப்பா

வேறு தோப்புக் கேட்டு அலைந்தேன். நடந்த கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது, யாரும் தரவில்லை. சீசன் முடிய இரண்டு வாரம் இருந்தது. செல்வியிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்றைக்கு அபி சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஷார்ஜாவிலிருந்து பணம் அனுப்பலாம், பொம்மை அனுப்பலாம், மறந்துபோன டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. சாரலில் நனைந்துகொண்டே மிதித்துப் போய்க் கேட் பக்கத்தில் நின்றேன். அபி ஒரு தோழியோடு வந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தாள். டப்பாவை வாங்கிக்கொண்டு, கூரியர்காரரிடம் சொல்வதுபோல் "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். தோழி மட்டும் போகவில்லை. நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அபி அப்பா ஷார்ஜாவுல பெரிய வேலையில இருக்காங்கன்னு சொன்னாளே, அப்ப நீங்க யாரு அங்கிள்?"

பெற்ற பிள்ளைக்குப் பொய்க்காரி என்ற பேர் வந்துவிடக் கூடாதே என்று அன்று சாயங்காலமே ஷார்ஜாவில் பழைய முதலாளிக்குப் போன் போட்டுவிட்டேன், இந்தத் தடவை ஏர்போர்ட்டுக்கு வண்டியில்தான் போகிறேன்.