ஆக்னஸ் மிஸ் கிழித்துக் கொடுத்த பக்கங்கள்

ஜூலை ஒன்பது, புதன்கிழமை, காலை ஆறு நாற்பது. எங்கள் பள்ளியின் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்து மூன்று செய்திகள். குழுவை நடத்துவது நான். பள்ளியின் கம்ப்யூட்டர் வேலை எல்லாம் என் பொறுப்பு. மாணவர் நலம் பார்த்த ஆக்னஸ் மிஸ், ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் இறந்துவிட்டார். அஞ்சலிகளுக்கு நடுவே பதினோரு பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்கள்: “மிஸ்ஸோட நோட்டு யாரு கையில கீது?”

அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். திருவொற்றியூரில் எங்கள் தனியார் பள்ளியில், வீட்டில் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் அவரிடம்தான் சொன்னார்கள். ஒரு நீள நோட்டில் ஆளுக்கொரு பக்கம் எழுதிக்கொள்வார். பேக்கப் கிடையாது. தொலைந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “தொலஞ்சா தொலையட்டும் நைனா, உனக்கு இன்னா பேஜாரு?” என்றார்.

எனக்கு எரிச்சல். அந்த எரிச்சலில்தான் ஒரு செயலி எழுதினேன். காலையில் வந்ததும் பிள்ளைகள் திரையில் தெரியும் சிரிக்கும், அழும் முகங்களில் ஒன்றைத் தொட வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து அழும் முகம் என்றால் பெற்றோருக்குத் தானாக மெசேஜ் போகும். இரண்டாவது வாரமே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பாவுக்குப் போனது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுபவர். கேட்டில் நின்று, “எம்பொண்ணு எதுக்கு அழுவுறா? வூட்ல இன்னா கொற வெச்சேன்?” என்று கத்தினார். அவள் மாடிப்படிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். யாருக்குப் பயந்து அழும் முகத்தைத் தொட்டாளோ, அவருக்கே நான் தகவல் அனுப்பியிருந்தேன்.

மிஸ் இறங்கிப் போனார். “இன்னாண்ணே, ஊரே திரும்பிப் பாக்குது. மெஷினு தப்பா அடிச்சிடுச்சி. வா, டீ சாப்ட்டுனு பேசலாம்.” ஒரு மணி நேரம் பேசி, அப்பாவின் சம்மதத்தோடு பெண்ணைத் தண்டையார்பேட்டையில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து என்னிடம் சொன்னது: “மெஷினு நல்லாத்தான் கீது. யார்கிட்ட சொல்லக்கூடாதுன்னு மட்டும் அதுக்குத் தெரியல.”

மிஸ் இறந்த அன்று மதியம் தாளாளர் டிராயர் சாவியைக் கொடுத்தார். “அந்த நோட்ட ஸ்கேன் பண்ணி ஏத்திடு. பேரண்ட்ஸ் லாகின்லயும் தெரியட்டும்.”

திறந்தேன். பக்கங்களே இல்லை. தையலை ஒட்டி ஸ்கேல் வைத்துக் கிழித்த ஓரங்கள் மட்டும். கடைசியில் ஒரே ஒரு பக்கம். மேலே அதே மாணவியின் பெயர். மூடிவிட்டேன்.

மறுநாள் ராயபுரம் சர்ச்சில் அடக்கத் திருப்பலி. கண்டெய்னர் லாரி ஓட்டும் பழைய மாணவர் ஒருவரிடம் கிழிந்த நோட்டைப் பற்றிச் சொன்னேன். சிரித்துவிட்டார். “ஸ்கூல வுட்டு டிசி வாங்கும்போது எம்பக்கத்தயும் கிழிச்சி கையில குட்துட்டாங்க. உன்னுது, நீயே வெச்சிக்கன்னாங்க. இப்ப படிக்கிற பசங்களுதுதான் மாட்டிக்குமோன்னு பேஜாராயிட்டோம்.” பக்கத்தில் நின்ற பதினோராம் வகுப்புப் பெண், “ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளே எங்களுக்கும் குடுத்துட்டாங்க சார்” என்றாள். சர்ச் படியில் உட்கார்ந்தேன்.

அந்த ஒரு பக்கம் மட்டும் ஏன் மிச்சம்? அந்த லோடு ஏற்றுபவரின் மகள் அப்போது அம்மை போட்டு, இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. அவ்வளவுதான்.

தாளாளரிடம் போனேன். “ஒரு பக்கம்தான் சார் இருக்கு. அத ஏத்த மாட்டேன்.”

“ஏன்யா?”

“ஏத்தினா அவ அப்பா படிப்பார். போன தடவ மெஷின் தப்பு பண்ணல சார். நான்தான் அப்படி எழுதியிருந்தேன்.”

டிராயர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “அந்தப் பொண்ணு கையிலயே குடுத்துடு.”

திங்கட்கிழமை கொடுத்தேன். நாலாக மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள்.

“படிச்சீங்களா சார்?”

“பேர மட்டும்.”

“அப்போ சரி.”

வெறும் ஓரங்கள் மட்டும் உள்ள அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. மிஸ் பாதுகாத்த எதுவும் அதில் இல்லை. அதனால்தான் வைத்திருக்கிறேன்.

இனிச் செய்யப்போவது:

1. செயலியிலிருந்து முகங்களையும் தானாகப் போகும் மெசேஜையும் எடுப்பது. இன்றே.
2. மிஸ் இடத்துக்கு வருபவருக்குப் பூட்டுள்ள டிராயர், நீள நோட்டு, ஸ்டீல் ஸ்கேல் வாங்கித் தருவது. எதற்கு ஸ்கேல் என்று விளக்குவது.
3. அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்பது. பக்கத்தைக் கொடுத்த அன்றே கேட்டிருக்க வேண்டும்.